அறிவியல் வாசலுக்கு வந்த வரலாறு: பல் சுகாதாரப் பணியின் முதல் வகுப்பும் இன்றைய நுழைவு விதியும்

1913 நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு வகுப்பு தொடங்கியது. இடம், ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவருக்குச் சொந்தமான பழைய வண்டிக் கொட்டகை. மாணவர் அனைவரும் பெண்கள். பள்ளி ஆசிரியைகள், பயிற்சி பெற்ற செவிலியர், பல் மருத்துவமனைகளில் உதவியாளர்களாக இருந்தவர்கள், பல் மருத்துவர்களின் மனைவியர் என ஏற்கெனவே வேறு வாழ்க்கையில் காலூன்றியிருந்தவர்கள் அவர்கள். செவிலியரை விட்டுவிட்டால், மருத்துவ அறிவியலை முறையாகக் கற்றவர் என்று சொல்லத்தக்கவர் அவர்களுள் அரிது. 1914 ஜூன் மாதத்தில் அவர்களில் 27 பேர் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார்கள். உலகெங்கும் 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' என்று அறியப்படும் பல் சுகாதாரப் பணியாளர் என்ற தொழிற்பிரிவு அன்றுதான் ஒரு கூட்டமாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று இந்தியாவில் அதே பணிக்கான ஈராண்டுப் பட்டயப் படிப்பில் சேர விரும்பும் ஓர் ஆசிரியை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தாரா என்பது. வரலாறோ வணிகவியலோ படித்திருந்தால் விண்ணப்பம் அத்துடன் முடிகிறது. இந்த விதி இயல்பானது, மருத்துவம் சார்ந்த எந்தத் தொழிலுக்கும் இன்றியமையாதது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆனால் அந்தத் தொழிலை உருவாக்கிய முதல் வகுப்பில் பாதிப்பேர் இந்த விதியைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அறிவியல் பயிற்சிக்கு உள்ளேயிருந்து வாசலுக்கு எப்போது வந்தது, யார் அதை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பதைப் பார்ப்பது, கல்வியின் சமூக வரலாற்றைப் படிப்பவர்களுக்கு வேறு பல தொழில்களைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பல் மருத்துவம் என்பது பெரும்பாலும் பிடுங்குவதும் அடைப்பதும்தான். நோய் வருமுன் தடுப்பது ஒரு தனிப் பணி என்ற எண்ணம் அப்போதுதான் முளைவிட்டது. பிலடெல்பியாவைச் சேர்ந்த டி. டி. ஸ்மித் என்ற பல் மருத்துவர், குறித்த இடைவெளியில் பற்காறையை நீக்கிப் பற்களை மெருகேற்றினால் சொத்தையும் ஈறு நோயும் பெருமளவு குறையும் என்று வாதிட்டுவந்தார். அவருடைய முறையால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஃபோன்ஸும் ஒருவர். அதைத் தம் மருத்துவமனையில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும் ஒரு சிக்கல் தெரிந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் இதைச் செய்ய மருத்துவருக்கு நேரம் இல்லை. 1906இல் அவர் தம் உறவினரும் நாற்காலியருகே உதவியாளராகப் பணிபுரிந்தவருமான ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். நியூமனுக்கு அப்போது முப்பது வயதைக் கடந்திருந்தது. கல்லூரி வாசலைக் கடந்து வந்த பயிற்சி அல்ல அது. கண்ணால் பார்த்து, கையால் பழகி, தவறைத் திருத்திக்கொண்டு கற்ற பயிற்சி. அவர் அதைச் செவ்வனே செய்தார் என்பதே ஃபோன்ஸின் அடுத்த ஏழாண்டுக் கனவுக்கு ஆதாரமாக இருந்தது.

1913ஆம் ஆண்டு வகுப்பை இந்த உதவியாளர் பயிற்சியின் பெரிய வடிவம் என்று மட்டும் கொள்வது பிழையாகும். ஃபோன்ஸ் அறிவியலைக் குறைத்து மதிப்பிட்டவர் அல்லர். ஏல், கொலம்பியா, பென்சில்வேனியா, ஹார்வர்டு ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பேராசிரியர்கள் அந்தக் கொட்டகைக்கு வந்து பாடம் நடத்தினார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், கிருமி நீக்கம், பற்சொத்தை, பயோரியா, பல்வரிசைக் கோளாறுகள், உணவு எனப் பாடத்திட்டம் விரிந்தது. அந்த விரிவுரைகளே பின்னர் ஃபோன்ஸ் தொகுத்து 1916இல் வெளியிட்ட, 'வாய்ச் சுகாதாரம்' என்று பொருள்படும் பாடநூலுக்கு அடிப்படையாயின. அந்த நூலைப் புரட்டுகிறவர் எவரும் அது எளிய கைநூல் அன்று என்பதை உடனே உணர்வார். ஆக, பிரிட்ஜ்போர்ட்டில் அறிவியல் தேவைப்படவில்லை என்பதல்ல செய்தி. அறிவியலைக் கற்பிக்கும் பொறுப்பைப் பள்ளி தானே ஏற்றுக்கொண்டது. முன்கூட்டியே அதைக் கற்று வந்திருக்க வேண்டும் என்று வருகிறவரிடம் கேட்கவில்லை. நுழைவுக்கு வேண்டியிருந்தவை நல்ல பொதுக்கல்வியும் முதிர்ச்சியும் பிறரிடம் பேசிப் புரியவைக்கும் திறனும்தான்.

ஆசிரியைகள் ஏன் அவ்வளவு பொருத்தமானவர்களாகத் தோன்றினார்கள் என்பதற்கு அந்த வகுப்பு எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதில் விடை இருக்கிறது. தேர்ச்சி பெற்றவர்களில் சிலர் தனியார் மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள் என்றாலும், ஃபோன்ஸின் கண் நகரத்துப் பள்ளிகள் மீதே இருந்தது. பிரிட்ஜ்போர்ட் அப்போது ஆலை நகரம். துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் ரெமிங்டன் நிறுவனத்தின் தொழிற்கூடங்கள் முதல் உலகப்போரின் தேவைக்காகப் பெருத்துக்கொண்டிருந்தன. 1915இல் எட்டு மணி நேர வேலைக்காக நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் நகராட்சிப் பள்ளிகளில் நிறைந்திருந்தார்கள். பல் மருத்துவரின் நாற்காலியை ஒருமுறைகூடக் கண்டிராத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கு வகுப்பறையிலேயே பல்லைச் சுத்தம் செய்வது, தூரிகையைப் பிடிக்கும் முறையைக் கூட்டுப்பயிற்சியாகச் சொல்லிக்கொடுப்பது, பெற்றோரை அழைத்து விளக்குவது ஆகியவை திட்டத்தின் கூறுகள். ஐந்தாண்டுச் செயல்விளக்கமாக நகராட்சி நிதியில் அது நடந்தது. ஃபோன்ஸின் தந்தை சிவிலியன் ஃபோன்ஸ் பல் மருத்துவராகவும் அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர். நகராட்சி எப்படி இயங்குகிறது என்பது மகனுக்கு வீட்டிலேயே தெரிந்த பாடம்.

ஆறு வயதுக் குழந்தைகள் நாற்பது பேரை அமைதியாக உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்ல வேண்டிய பணிக்கு நுண்ணுயிரியலைவிட முதலில் வேண்டியது வேறொன்று. ஆசிரியையிடம் அது ஏற்கெனவே இருந்தது. மீதியைக் கொட்டகையில் ஏழு மாதங்களில் கற்பிக்க முடிந்தது. வேறொரு தொழிலில் பெற்ற அனுபவம் இங்கே குறைபாடாகக் கருதப்படவில்லை, மூலதனமாகவே கருதப்பட்டது. அந்த ஆசிரியைகளின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்த மாற்றத்திற்குக் காரணங்கள் இருந்தன. திருமணமான பெண்ணைப் பள்ளியில் வைத்துக்கொள்ளாத வழக்கம் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அப்போது இருந்தது. செவிலியப் பயிற்சி என்றால் மருத்துவமனையிலேயே தங்கிப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். குறுகிய காலத்தில் முடியும் ஒரு புதிய படிப்பு, நடுவயதை நெருங்கும் பெண்ணுக்குத் திறந்திருந்த வெகுசில கதவுகளுள் ஒன்று.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு எளிதாக நடக்கவில்லை. பிரிட்ஜ்போர்ட்டுக்கு மூன்றாண்டுகள் முன்பே, 1910இல், ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரப் பல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு இத்தகைய ஒரு படிப்பைத் தொடங்கியிருந்தது. அம்மாநிலத்துப் பல் மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். படித்து முடித்த பெண்களுக்குத் தொழில் செய்யச் சட்டப்பூர்வமான வழி கிடைக்கவில்லை. 1914இல் படிப்பே மூடப்பட்டது. பாடத்திட்டத்தைவிடச் சட்டம்தான் ஒரு தொழிலைப் பிறக்கவைக்கிறது என்பதற்கு இது கசப்பான சான்று. சின்சினாட்டியில் படித்த அந்தப் பெண்களைப் பற்றித் தொழிலின் அதிகாரப்பூர்வ வரலாறுகள் ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதுவதில்லை. கனெக்டிகட்டில் 1915இல் இதற்கான சட்டத்திருத்தம் வந்தது. 1917இல் ஐரீன் நியூமன் உலகின் முதல் உரிமம் பெற்ற பல் சுகாதாரப் பணியாளர் ஆனார். கையால் கற்றவருக்கு அரசு காகிதம் கொடுக்கப் பதினோராண்டுகள் ஆயின.

இந்தத் திறந்த கதவை மட்டும் போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. ஃபோன்ஸ் பெண்களைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணங்கள் இன்று படிப்பவரை முகம் சுளிக்கவைக்கும். இந்தக் குறுகிய எல்லைக்குள் வேலைசெய்ய ஆண் மனநிறைவு கொள்ளமாட்டான், பெண் கொள்வாள் என்பதே அவர் வாதத்தின் சாரம். சுத்தம் செய்யலாம், சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் நோயை நிர்ணயிக்கும் அதிகாரம் மருத்துவருக்கே. நோயாளியைப் பராமரிப்பவர் என்ற சாயல் வேண்டாம் என்பதற்காக 'பல் செவிலி' என்ற பெயரை விலக்கி, 'ஹைஜீனிஸ்ட்' என்ற சொல்லை அவர் உருவாக்கினார். பெயர் உயர்ந்தது, கூரை தாழ்வாகவே இருந்தது. எளிதில் நுழைய முடிந்ததும் மேலே ஏற முடியாததும் ஒரே அமைப்பின் இரண்டு முகங்கள். பெண் என்ற அடையாளம் சட்டங்களிலும் சங்க விதிகளிலும் ஊறிப்போனதால், இத்தொழிலுக்குள் ஆண்கள் வருவதற்கு 1960களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாசலில் அறிவியலை நிறுத்தியதில் பல் மருத்துவர்களோடு பல் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பங்கு உண்டு. இதுவே இந்த வரலாற்றில் கவனத்துக்குரிய பகுதி. ஃபோன்ஸின் கொட்டகைப் பள்ளி மூன்று வகுப்புகளில் 97 பெண்களைப் பயிற்றுவித்துவிட்டு நின்றது. அதற்குள் 1916இல் நியூயார்க்கில் கொலம்பியா, ராசெஸ்டரில் ஈஸ்ட்மன் மருந்தகம், பாஸ்டனில் ஃபோர்சித் என நிறுவனங்கள் படிப்பை எடுத்துக்கொண்டன. 1923இல் அமெரிக்கப் பல் சுகாதாரப் பணியாளர் சங்கம் உருவானது. ஓராண்டுக்கும் குறைந்த பயிற்சி பெற்றவரை மருத்துவர் தம் கையாள் என்றே நினைப்பார் என்பதைச் சங்கத்தினர் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். படிப்பின் காலத்தை நீட்டுவதும் நுழைவுத் தகுதியை உயர்த்துவதும் தன்மதிப்புக்கான போராட்டமாகவே அவர்களுக்குத் தோன்றின. 1947இல் ஈராண்டுப் படிப்புக்கான தர நிர்ணய விதிகள் ஏற்கப்பட்டன. 1962இல் தேசிய அளவிலான எழுத்துத் தேர்வு வந்தது. கொலராடோ மாநிலம் 1980களில் மருத்துவரின் மேற்பார்வை இன்றியே தொழில் நடத்த இவர்களுக்கு வழிசெய்தது. கூரை உயர்ந்தது உண்மை. அதற்கான விலையில் ஒரு பகுதியைப் பின்னால் வந்த ஆசிரியைகளும் கடைப் பணியாளர்களும் எழுத்தர்களும் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. தங்கள் முதல் தலைமுறையை உள்ளே விட்ட கதவைத் தாங்களே குறுக்கியதில் ஏதோ ஒரு வேதனை இருக்கிறது. செவிலியம், நூலகம், சமூகப்பணி எனப் பெண்கள் கட்டியெழுப்பிய தொழில்கள் பலவற்றிலும் இதே முடிச்சைக் காணலாம்.

ஆனாலும் அமெரிக்க வாசலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே இப்படிப்பு பெரும்பாலும் சமுதாயக் கல்லூரிகளில் நடக்கிறது. உடற்கூறியல், நுண்ணுயிரியல், வேதியியல் ஆகியவற்றை முன்தேவையாகக் கேட்கிறார்கள். ஆனால் அவற்றை அதே கல்லூரியில், மாலை வகுப்பாக, எந்த வயதிலும் தனித்தனிப் பாடமாகப் படித்து முடிக்கலாம். இலக்கியப் பட்டம் பெற்று வங்கியிலோ உணவகத்திலோ பத்தாண்டுகள் கழித்தவர் முப்பத்தைந்து வயதில் வேதியியலின் முதல் பாடத்தைத் தொடங்குவது அங்கே புதுமையன்று. சிரமம் இல்லாமல் இல்லை. ஐந்து அல்லது ஏழாண்டுகளுக்கு முன் படித்த அறிவியல் பாடங்களைப் பல கல்லூரிகள் செல்லாதவை என்று ஒதுக்குகின்றன. வேலையும் பிள்ளைகளும் உள்ளவருக்கு முன்தேவைகளை முடிக்கவே ஈராண்டு ஆகிவிடுவதுண்டு. இடம் கிடைக்கப் போட்டியும் உண்டு. அதே நேரத்தில், இன்றைய தரவிதிகள் அறிவியலோடு நிற்கவில்லை. பேச்சும் எழுத்துமான தொடர்பாடல், உளவியல், சமூகவியல் ஆகியவற்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன. கொட்டகைக்கு வந்த ஆசிரியைகளின் சுவடு அந்த விதிகளில் மட்டும் அழியாமல் தங்கியிருக்கிறது எனலாம்.

பிற நாடுகளில் இந்த எண்ணம் வெவ்வேறு உருவம் எடுத்தது. நியூசிலாந்தில் தாமஸ் ஹன்டரின் முயற்சியால் 1921இல் வெலிங்டனில் பள்ளிப் பல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. சுத்தம் செய்வதோடு குழந்தைகளின் பல்லைத் துளைத்து அடைக்கவும் அவர்களுக்கு உரிமை தரப்பட்டது. அந்த முறையே 1949இல் பினாங்குக்கும் 1950களில் இலங்கையின் மகரகமைக்கும் வந்தது. மலாயாவிலும் இலங்கையிலும் வளர்ந்த தமிழர் பலருக்குப் பள்ளியில் பல் பார்த்த பெண்களைப் பற்றிய நினைவு இருப்பது அதனால்தான். பிரிட்டனிலோ போர்தான் கதவைத் திறந்தது. 1943இல் விமானப்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்தவர்களுக்கு இப்பயிற்சி அளிக்கப்பட்டது. ஆள் தேவை அவசரமாகும்போது முன்தகுதி பற்றிய பேச்சு தாழ்ந்துவிடுவது தொழில் வரலாறுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் சட்டத்தின் வழியாக வந்தது. இந்தியப் பல் மருத்துவக் கல்வியின் முன்னோடியான ரஃபியுதீன் அகமது அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்றபின் பாஸ்டனின் ஃபோர்சித் குழந்தைகள் பல் மருத்துவமனையில் பணியாற்றினார். 1916இல் பல் சுகாதாரப் பணியாளர் பள்ளி திறக்கப்பட்ட அதே நிறுவனம் அது. ஊர் திரும்பிய அவர் 1920இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1939இன் வங்காளச் சட்டத்துக்கும் 1948இன் இந்தியப் பல் மருத்துவர் சட்டத்துக்கும் பின்னணியில் அவருடைய உழைப்பு உண்டு. பாஸ்டனில் கண்டதே சட்டமாயிற்று என்று ஒரே கோட்டில் இணைத்துவிடுவது அவசர முடிவாகும். எனினும் நாட்டில் அந்தப் பணியாளர் அநேகமாக இல்லாத காலத்திலேயே 1948ஆம் ஆண்டுச் சட்டம் பல் சுகாதாரப் பணியாளரை வரையறுத்துத் தனிப் பதிவேடும் ஒதுக்கியது என்பது கவனத்துக்குரியது. காறை நீக்கி, சுத்தம் செய்து, மெருகேற்றி, வாய்ச் சுகாதாரம் கற்பிப்பவர் என்பது அதன் வரையறை. பிரிட்ஜ்போர்ட்டின் வரையறையிலிருந்து அது அதிகம் விலகவில்லை.

அதே சட்டத்தின் இன்னொரு பகுதியையும் இங்கே நினைவுகூர வேண்டும். பல் மருத்துவர் பதிவேட்டை அது இரண்டாகப் பிரித்தது. முதல் பகுதி அங்கீகரிக்கப்பட்ட தகுதி உடையவர்களுக்கு. இரண்டாம் பகுதி, பட்டம் இல்லாவிட்டாலும் அதுவரை இதையே பிழைப்பாகக் கொண்டு குறிப்பிட்ட ஆண்டுகள் தொழில் செய்தவர்களுக்கு. குடும்பத் தொழிலாகப் பல் கட்டியவர்கள், கல்கத்தா, பம்பாய் போன்ற நகரங்களில் கடை வைத்திருந்த சீனப் பல் வைத்தியர்கள் எனப் பலவகைப்பட்டவர்களின் கைப்பழக்கத்தை ஒருமுறையேனும் தகுதியாக ஏற்கத் துணிந்த ஏற்பாடு அது. பின்னர் அந்தக் கதவு மூடப்பட்டது. மூடியதற்குப் போலி மருத்துவம் பற்றிய நியாயமான அச்சம் காரணம். ஆனால் அனுபவத்தைச் சோதித்துத் தகுதியாக மாற்றும் வழிமுறை ஒன்றை வளர்த்தெடுக்கும் வாய்ப்பும் அத்துடன் போயிற்று.

இன்றைய நிலை வினோதமானது. நாட்டில் பதிவுபெற்ற பல் மருத்துவர்களின் எண்ணிக்கை லட்சங்களில். பல் சுகாதாரப் பணியாளர்களின் எண்ணிக்கை சில ஆயிரங்களில். காறை நீக்கும் வேலையைப் பெரும்பாலும் மருத்துவர்களே செய்கிறார்கள். ஃபோன்ஸ் தம் காலத்தில் கண்ட நேரச் சிக்கலுக்கு இந்தியா வேறு விடையை, பட்டதாரிகளை மிகுதியாக உற்பத்தி செய்வதை, தேர்ந்துகொண்டது. அமெரிக்க வாசலை முப்பத்தைந்து வயதிலும் தட்டலாம். இந்திய வாசல் பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வாரத்தில், மூடப்படுகிறது. அந்த வாரத்தில் முடிவெடுப்பது பெரும்பாலும் மாணவி அல்லள். மதிப்பெண், பள்ளியில் அறிவியல் ஆய்வகம் இருந்ததா என்பது, அண்ணனுக்கா தங்கைக்கா தனிப்பயிற்சிக் கட்டணம் என்ற வீட்டுக் கணக்கு ஆகியவைதான் முடிவெடுக்கின்றன. கலைப்பிரிவுக்குப் போனவள் பின்னாளில் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பை மீண்டும் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் அது தொழிலுக்கு வேண்டிய அறிவியலைக் கற்பிக்கும் ஏற்பாடு அன்று. ஒளியியலும் கரிம வேதியியலும் தாவரவியலும் சேர்ந்த ஒரு பள்ளித் தேர்வை, பிள்ளை பெற்ற பின்னும், பதினேழு வயதினரைப் போல மறுபடி எழுதும் ஏற்பாடு அது.

நகரத்துப் பல் மருத்துவமனைகளில் நாற்காலியருகே நிற்கும் உதவியாளர்களை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பலர் வணிகவியலோ கலையோ படித்த பெண்கள். கருவிகளைக் கிருமி நீக்கி அடுக்குவது, அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது, மருத்துவர் கை நீட்டுமுன் உரிய கருவியை எடுத்துவைப்பது, வீட்டில் பல் துலக்கும் முறையை நோயாளியின் மொழியில் சொல்வது எல்லாம் அவர்கள் கைக்கு வந்தவை. 1906இல் ஐரீன் நியூமன் நின்ற இடம் அதுவே. பத்தாண்டு அனுபவத்துக்குப் பின்னும் அவர்கள் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்தால், படிவத்தில் அந்தப் பத்தாண்டுகளை எழுத இடம் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வரும் 2023ஆம் ஆண்டுத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் பல் சுகாதாரப் பணியாளர், பல் தொழில்நுட்பர், அறுவை அறை உதவியாளர் ஆகியோரைப் பல் துணைப் பணியாளர் என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்திருக்கிறது. நாற்காலியருகே நிற்பவர் சட்டத்தின் பார்வையில் ஒருவழியாகப் பெயர் பெற்றுவிட்டார். அவர் எந்தப் பாடங்களைப் படித்துவிட்டு உள்ளே வர வேண்டும், எந்தப் பாடங்களை உள்ளே வந்தபின் படிக்கலாம் என்ற கேள்வி, புதிய ஆணையம் தன் விதிகளை எழுதும்போது அதன் மேசையில் இருக்கும்.